அப்பாவுக்கு நாள் கூலி 1,200, பி.இ. படித்த மகனுக்கு மாதம் 13,000: மகளுக்காக இன்னொரு கடன் வாங்கலாமா?

கேள்வி: வீட்டுக்காரர் கொத்தனார். நாள் கூலி 1,200 ரூபாய். நான் கருங்கல் பக்கம் அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வேலை பார்க்கிறேன். மகன் 2019-ல் சேர்ந்து 2023-ல் பி.இ. மெக்கானிக்கல் முடித்தான். வருடத்துக்கு ஒரு லட்சம் வீதம் 4 லட்சம் கல்விக் கடன், வட்டி பத்தரை சதவீதம். 2024-ல் கட்டச் சொன்னபோது அது 5,47,000 ஆகி நின்றது. மாதத் தவணை 7,380. இந்த இரண்டு மாதம் கட்ட முடியவில்லை. மகன் நாகர்கோவிலில் ஒரு டூவீலர் ஷோரூமில் சர்வீஸ் அட்வைசர். மாதம் 13,000, பி.எஃப். கிடையாது. சென்னை பக்கம் ஒரகடத்தில் ஒரு கம்பெனி வருடத்துக்கு 3 லட்சம் தருவதாகக் கூப்பிட்டிருக்கிறது. ஒரு ஏஜெண்ட் சவூதிக்கு டெக்னீஷியன் விசா என்று 1,60,000 கேட்கிறார். அவன் அப்பாவோ, "என்கூட கையாளா வந்தாலே நாளுக்கு 900 வாங்கலாம், படிச்சு என்ன கண்டோம்" என்கிறார். மகள் அரசுப் பள்ளியிலேயே பிளஸ் டூ வரை படித்தாள், உயிரியல் பிரிவு. நர்சிங் படிக்க ஆசைப்படுகிறாள். மார்த்தாண்டத்தில் இரண்டு வருட நர்சிங் டிப்ளமோ, 80,000 ரூபாய், முடித்ததும் வேலை என்று ஒரு நோட்டீஸ் பார்த்தோம். ஒரு கடன் வாங்கிப் பட்டது போதாதா, இன்னொன்று வாங்கலாமா?

பதில்:

வணக்கம் அம்மா. மகனின் வேலைக்கு முன்னால் அந்த 5,47,000-ஐப் பார்த்துவிடுவோம். நான்கு லட்சம் அசல். படிப்பு நான்கு வருடம், அதற்குப் பிறகு ஒரு வருடம் தவணை விலக்கு. இந்த ஐந்து வருடமும் சாதாரண வட்டி ஓடும். முதல் லட்சத்துக்கு ஐந்து வருட வட்டி, இரண்டாவதற்கு நான்கு, பிறகு மூன்று, இரண்டு. பத்தரை சதவீதத்தில் மொத்தம் 1,47,000. அதனால் வங்கி போட்ட கணக்கு சரி. ஆனால் இந்த 1,47,000-ஐ நீங்கள் சுமந்திருக்க வேண்டுமா என்பதுதான் கேள்வி.

குடும்பத்தின் ஆண்டு வருமானம் நாலரை லட்சத்துக்குள் இருந்தால், தொழிற்படிப்புக்கு வாங்கும் கல்விக் கடனின் தவணை விலக்குக் கால வட்டியை மத்திய அரசே ஏற்கும் திட்டம் ஒன்று உண்டு. வட்டி மானியம் என்று கேட்டால் வங்கியில் தெரியும். கல்லூரிக்கு நாக் (கல்லூரிகளின் தரத்தை மதிப்பிடும் அமைப்பு) தரச்சான்று அல்லது படிப்புக்கு என்.பி.ஏ. (தொழிற்படிப்புகளை மதிப்பிடும் அமைப்பு) அங்கீகாரம் இருக்க வேண்டும். தாசில்தார் தரும் வருமானச் சான்றிதழைக் கடன் வாங்கும்போதே கொடுத்திருக்க வேண்டும். வங்கிதான் தன் பக்கத்திலிருந்து அந்த மானியத்தைக் கேட்டு வாங்கும், மாணவர் நேரடியாக வாங்க முடியாது. சான்றிதழ் கேட்கப்படவே இல்லை, அல்லது கொடுத்தும் வங்கி மேலே அனுப்பவில்லை, இந்த இரண்டில் ஒன்றால்தான் பலருக்கு இது கை நழுவுகிறது. உங்கள் மகனின் கடனுக்கு மானியம் கேட்கப்பட்டதா, கேட்டிருந்தால் எந்தெந்த வருடத்துக்கு, கேட்கவில்லை என்றால் ஏன் என்று கிளை மேலாளருக்கு எழுத்தில் ஒரு கடிதம் கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். பொதுத்துறை வங்கி என்றால் பதில் வராதபோது தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்கலாம். காலம் கடந்த கோரிக்கைக்குப் பணம் வரும் என்று நம்பிக்கை தர மாட்டேன். ஆனால் மகளுக்குக் கடன் வாங்கும்போது இதே ஓட்டையில் மறுபடி விழாமல் இருக்க இந்தக் கடிதம் உதவும்.

கட்டாமல் விட்ட இரண்டு மாதம் அதைவிட அவசரம். தவணை 90 நாள் தாண்டி நின்றால் வங்கி அதை வாராக்கடன் கணக்கில் சேர்த்துவிடும். மகனுடைய சிபில் (கடனை ஒழுங்காகக் கட்டினாரா என்று காட்டும் மதிப்பெண்) மட்டுமில்லை, இணைக் கடனாளியாகக் கையெழுத்துப் போட்டவரின் சிபிலும் கெடும். மகளின் கடனுக்கும் அநேகமாக அவரேதான் கையெழுத்துப் போட வேண்டியிருக்கும். அதனால் கூட்டுறவுச் சங்கத்தில் நகையை வைத்தாவது இந்த இரண்டு தவணையையும் மூன்றாவது மாதம் முடிவதற்குள் கட்டிவிடுங்கள். பிறகு கடனின் காலத்தை 10 வருடத்திலிருந்து 15 வருடமாக நீட்டித் தரச் சொல்லிக் கேட்கலாம். முழுக் கடனுக்கும் கணக்குப் போட்டால் தவணை 7,380-லிருந்து சுமார் 6,050 ஆகும். மாதம் 1,330 மிச்சம்தான், ஆனால் மொத்தத்தில் ஏறக்குறைய 2 லட்சம் கூடுதலாகப் போகும். இப்போது நீட்டி வாங்கி, மகனுக்கு வருமானம் ஏறியதும் கூடுதலாகக் கட்டி முடிப்பதென்றால் சரி. "ஒரே தடவையில் குறைத்துக் கட்டி முடித்துவிடுங்கள்" என்று யாராவது சமரசத் திட்டம் சொன்னால், சிபிலில் அது 'முழுதாகக் கட்டியது' என்று வராது, 'செட்டில்டு' என்று வரும். மகளுக்குக் கடன் வாங்கும் எண்ணம் இருக்கும் வரை அந்தப் பக்கம் போக வேண்டாம்.

இனி கூலிக்கு வருவோம். உங்கள் வீட்டுக்காரர் சொல்வதில் கணக்கு இருக்கிறது, அதை மதித்தே பேசுவோம். நம் மாவட்டத்தில் இடவப்பாதி (தென்மேற்குப் பருவ) மழையும் உண்டு, ஐப்பசி கார்த்திகை மழையும் உண்டு. அதனால் வெளிவேலைக்காரருக்கு வருடத்தில் 220 நாள் வேலை கிடைத்தால் நல்ல வருடம். 1,200 வீதம் 2,64,000, மாதச் சராசரி 22,000. களியக்காவிளை தாண்டிக் கேரளத்துக்கு வேலைக்குப் போகிறவர்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடும். ரிசர்வ் வங்கி வெளியிடும் மாநிலவாரிக் கூலி அட்டவணையில் கிராமப்புறக் கட்டட வேலைக்குக் கேரளம்தான் தொடர்ந்து முதலில் நிற்கிறது. மகன் கையாளாகப் போனால் 900 வீதம் அதே 220 நாளுக்கு 1,98,000. மாதம் 16,500. வீட்டுச் சாப்பாடு, வாடகை இல்லை. பஸ், டீ, போன் என்று 3,000 போனாலும் 13,500 மிஞ்சும்.

ஷோரூமில் 13,000 வாங்கி, நாகர்கோவில் போய்வர, மதியச் சாப்பாடு, போன் எல்லாம் சேர்த்து 3,800 போனால் மிச்சம் 9,200. ஆக இன்றைய நிலவரத்தில் அப்பாவோடு போவதுதான் லாபம். இதில் மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் கொத்து வேலையின் கூலி சீக்கிரம் ஒரு மட்டத்துக்கு வந்து அங்கேயே நின்றுவிடும். கையாள் கொத்தனார் ஆவார். அதற்கு மேல் ஏற வேண்டுமானால் சதுர அடிக்கு லேபர் காண்ட்ராக்ட் எடுக்க வேண்டும். மெக்கானிக்கல் பட்டம் அங்கே உதவாது. வீட்டு வரைபடத்தில் கையெழுத்துப் போட சிவில் படித்திருக்க வேண்டும். விழுந்து அடிபட்டால் அந்த மாதத்துக் கூலி போச்சு. ஐம்பது தாண்டினால் இடுப்பும் முட்டியும் நாள் கணக்கைக் குறைக்கும்.

ஷோரூம் வேலையைப் பற்றி எனக்கு வேறொரு ஆட்சேபம். சர்வீஸ் அட்வைசர் வேலைக்கு பி.இ. தேவையில்லை. ஐ.டி.ஐ. முடித்தவர், நன்றாகப் பேசத் தெரிந்த பிளஸ் டூ படித்தவர் கூடச் செய்கிற வேலை. அதனால் 13,000 என்பது பி.இ.-யின் விலை இல்லை, அந்த நாற்காலியின் விலை. அந்தப் பட்டத்தை உங்கள் மகன் இன்னும் எங்குமே விற்றுப் பார்க்கவில்லை. போகட்டும், அங்கே இருக்கும் வரைக்கும் ஒன்று கேட்கச் சொல்லுங்கள். 20 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் நிறுவனத்தில் பி.எஃப். கட்டாயம், 10 பேரோ அதற்கு மேலோ என்றால் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் மருத்துவக் காப்பீடு). சம்பளம் 15,000-க்குள் இருப்பவரை பி.எஃப்.-இலிருந்து விலக்க முதலாளிக்கு அனுமதி இல்லை. அந்த 13,000-மும் அடிப்படைச் சம்பளம் என்றால், முதலாளி பங்கு 12 சதவீதம், மாதம் 1,560. அதைத்தான் உங்கள் மகன் ஒவ்வொரு மாதமும் இழக்கிறான். அண்டி ஆபீசில் உங்களுக்குப் பிடிக்கிற பி.எஃப். அவனுக்குப் பிடிக்கப்படவில்லை என்பது வினோதம்தான்.

ஒரகடத்தின் 3 லட்சத்தைப் பிரித்துப் பார்க்கலாம். கம்பெனிகள் சொல்வது சி.டி.சி., அதாவது உங்கள் மகனுக்காக கம்பெனி செலவழிக்கும் மொத்தம். மாதத்துக்கு 25,000. அதில் அடிப்படைச் சம்பளம் 12,500 என்று வைத்தால் முதலாளியின் பி.எஃப். பங்கு 1,500, பணிக்கொடைக்கு ஒதுக்குவது 4.81 சதவீதம், சுமார் 600. வருட முடிவில் 'செயல்பாட்டைப் பொறுத்து' தருவதாகச் சொல்லும் தொகை மாதத்துக்கு 2,400 என்று வைத்துக்கொள்வோம். மீதி 20,500. இதிலிருந்தே முதலாளியின் இ.எஸ்.ஐ. பங்கு 3.25 சதவீதம் போனால் சம்பளச் சீட்டில் மேலே தெரியும் தொகை 19,855. அதிலிருந்து மகனின் பி.எஃப். 1,500, இ.எஸ்.ஐ. 149, ஆறு மாதத்துக்கு ஒருமுறை தொழில் வரி. கையில் விழுவது ஏறக்குறைய 18,000.

மொத்தம் எவ்வளவு என்று மட்டும் கேட்டால் இது தெரியாது. சம்பளப் பிரிப்பை ஆஃபர் லெட்டரின் இணைப்பாகவே தரச் சொல்லுங்கள். தர மறுக்கும் இடத்தில் பெரும்பாலும் ஏதோ ஒன்று ஒளிந்திருக்கும். பணிக்கொடை என்று பிடிக்கும் 600 நிரந்தர ஊழியருக்கு ஐந்து வருடம் முடித்தால்தான் கைக்கு வரும். இரண்டு வருடத்தில் விட்டு வந்தால் அது காகிதத்தில் இருந்த பணம். பி.எஃப். அப்படியில்லை. மகனின் 1,500, முதலாளி பங்கில் 459, இரண்டும் அவன் கணக்கில் சேரும். முதலாளி பங்கில் மீதி 1,041 ஓய்வூதியத்துக்குப் போகும்.

ஒரகடம் பக்கம் நான்கு பேர் சேர்ந்து அறை எடுத்தால் தலைக்கு மூவாயிரம் மூவாயிரத்து ஐந்நூறு. கம்பெனி பஸ்ஸும் கேன்டீனும் இருந்தால் வேலை நேரச் சாப்பாடும் போக்குவரத்தும் கிட்டத்தட்ட மிச்சம், இல்லாவிட்டால் இன்னும் மூவாயிரம் வரை கூடும். மற்ற வேளைச் சாப்பாடு, துணிமணி, ஊருக்கு வந்துபோகிற செலவு எல்லாம் சேர்த்து பத்தாயிரத்தில் கட்டுப்படுத்த முடியும். பொங்கல், தீபாவளிக்கு ரயில் டிக்கெட்டை முன்பதிவு நாளிலேயே போடாவிட்டால் ஆம்னி பஸ்ஸில் ஒரே பயணத்துக்கு ஒரு மாத அறை வாடகை போய்விடும். அதற்கு அந்த்யோதயா ரயிலில் முன்பதிவில்லாமல் நசுங்கி வருவது மேல். ஆக மிச்சம் 8,000. கடன் தவணையைக் கட்டினால் அவ்வளவுதான்.

மிச்சத்தில் மூன்றில் கடைசி இடம் ஒரகடத்துக்கு. ஆனாலும் சில நிபந்தனைகள் பொருந்தினால் அதற்குத்தான் என் ஓட்டு. முதலாவது, ஆஃபர் லெட்டரில் யார் பெயர்? கம்பெனியின் பெயரா, ஆள் சப்ளை செய்யும் காண்ட்ராக்டர் பெயரா, அல்லது அப்ரண்டிஸ் பயிற்சியா? அப்ரண்டிஸ் என்றால் பி.எஃப்., இ.எஸ்.ஐ. கிடையாது, பயிற்சி முடிந்ததும் வேலை தரவேண்டிய கட்டாயமும் பொதுவாக இல்லை. இரண்டாவது, எந்தப் பிரிவு? உற்பத்தி வரிசையில் போல்ட் முடுக்குகிற இடத்தில் மூன்று வருடம் நின்றாலும் அடுத்த கம்பெனியில் சொல்ல ஒன்றும் இருக்காது. தரக்கட்டுப்பாடு, பராமரிப்பு, டூல் ரூம் என்றால் மூன்றாம் வருடம் அவன் கையில் ஒரு தொழில் இருக்கும். அளவுக் கருவிகள், நுணுக்கமாக அளக்கும் சி.எம்.எம். இயந்திரம், இயந்திரங்களை இயக்கும் பி.எல்.சி. கணினி, பழுதின் காரணத்தைத் தேடி எழுதும் அறிக்கை இவையெல்லாம் வேலை மாறும்போது விலை போகிறவை. மூன்றாவது, பாண்டு. இத்தனை வருடம் இருக்க வேண்டும், இல்லையென்றால் இவ்வளவு பணம் என்று எழுதியிருந்தால், அந்தத் தொகை அவனுடைய இரண்டு மாதச் சம்பளத்தைத் தாண்டினால் கையெழுத்துப் போட வேண்டாம். ஒரிஜினல் சான்றிதழ்களை எந்தக் கம்பெனியிலும் விட்டுவைக்கக் கூடாது. சரிபார்த்துவிட்டு அன்றே திருப்பித் தர வேண்டும்.

எவ்வளவு காலம் பொறுப்பது? கையாள் வேலையில் மிஞ்சுவது 13,500. ஒரகடத்தில் செலவு 10,000. இரண்டாவது வருட முடிவில் கைக்கு 23,500 வராவிட்டால், அந்த வேலை உங்கள் வீட்டுக்காரரிடம் தோற்றது. அப்போது கம்பெனி மாற வேண்டும், அல்லது அவர் சொல்வதைக் கேட்க வேண்டும். கூலி ஏறினால் இந்த அளவையும் அதற்கேற்ப ஏற்றிக்கொள்ளுங்கள்.

சவூதி விஷயம் சுருக்கமாக. மத்திய அரசின் வெளியுறவு அமைச்சகத்தில் பதிவு பெற்ற ஏஜெண்ட் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்தின் உச்சவரம்பு 30,000 ரூபாய், ஜி.எஸ்.டி. சேர்த்து 35,400. உங்களிடம் கேட்பது 1,60,000. பதிவு எண்ணை அரசின் இ-மைக்ரேட் தளத்தில் போட்டுப் பாருங்கள். எண் இல்லை, பணத்தை ரொக்கமாகத் தாருங்கள், முதலில் விசிட் விசாவில் போய்விட்டு அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று இதில் ஒன்றைச் சொன்னாலும் அங்கேயே நிறுத்திவிடுங்கள். பட்டதாரிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. பத்தாவது தேறியவரின் பாஸ்போர்ட்டுக்குக் குடிபெயர்வுச் சோதனை தேவையில்லை. கேட்க வசதிதான். ஆனால் சோதனை இல்லை என்றால், ஒப்பந்தத்தில் சம்பளம் எவ்வளவு, முதலாளி யார் என்று நம் அரசு அலுவலகம் பார்க்கவும் பார்க்காது. படிக்காத கூலித் தொழிலாளிக்குக் கிடைக்கும் அந்தப் பாதுகாப்பு உங்கள் மகனுக்குத் தானாகக் கிடைக்காது. விசாவில் எழுதியிருக்கும் தொழிலும் முக்கியம். 'லேபர்' என்றோ 'ஹெல்பர்' என்றோ விசா அடித்துப் போனால் பி.இ. பெட்டிக்குள்ளேயே கிடக்கும், அங்கே போய் மாற்றுவது அவன் கையில் இல்லை.

மார்த்தாண்டம், நாகர்கோவில் பஸ் ஸ்டாண்டு சுவர்களில் தெரியும் என்.டி.டி. (பொருளை உடைக்காமல் சோதிக்கும் முறை), கியூ.ஏ. கியூ.சி. (தரக்கட்டுப்பாடு) பயிற்சி விளம்பரங்களும் உங்கள் வீட்டுக்கு வந்து சேரும். அந்தத் துறை உண்மையானது, எண்ணெய், குழாய், வெல்டிங் வேலைகளில் ஆய்வாளருக்கு நல்ல சம்பளம் உண்டு. ஆனால் அங்கே பெரிதாகப் பேசப்படும் எஸ்.என்.டி.-டி.சி.-1ஏ முறையில் 'லெவல் 2' என்பது பயிற்சி மணி நேரத்தோடு அனுபவ மாதங்களும் சேர்ந்தது, தகுதி கொடுப்பவரும் வேலை கொடுக்கும் நிறுவனம்தான். பதினைந்து நாள் படித்து வாங்கும் அட்டையோடு போனால் நேர்காணலில் முதல் கேள்வியே "எத்தனை மாதம் சைட்டில் நின்றாய்?" என்பதாக இருக்கும். ஒரகடத்தில் தரக்கட்டுப்பாட்டில் இரண்டு வருடம் இருந்துவிட்டு அந்தப் பயிற்சிக்குப் போனால் காசுக்குப் பலன் உண்டு. இப்போதே போனால் இல்லை.

படித்து என்ன கண்டோம் என்று உங்கள் வீட்டுக்காரர் கேட்கிறார். நான் பார்க்கும் அளவு ஒன்றுதான்: இந்தப் படிப்பு இல்லாதவரை உள்ளே விடக்கூடாது என்று சட்டத்திலோ வேலை அறிவிப்பிலோ எழுதியிருக்கிறதா? எழுதியிருந்தால் அந்தப் படிப்புக்குக் கடன் வாங்கலாம். எழுதவில்லை என்றால் படிப்புக்குத் தனி விலை கிடையாது, கையில் இருக்கும் வேலைத்திறனுக்குத்தான் விலை. ரயில்வேயிலும் மத்திய அரசுப் பணித் தேர்வாணையமான எஸ்.எஸ்.சி.-யிலும் ஜூனியர் இன்ஜினியர் தேர்வு எழுத மெக்கானிக்கல் டிப்ளமோ அல்லது பட்டம் வேண்டும், அடிப்படைச் சம்பளம் 35,400. இந்தக் கதவு உங்கள் மகனுக்குத் திறந்திருக்கிறது, உங்கள் வீட்டுக்காரருக்கோ ஷோரூமில் பக்கத்து நாற்காலிக்காரருக்கோ இல்லை. குரூப் 4 தேர்வுக்குப் பத்தாவது போதும். அடிப்படைச் சம்பளம் 19,500-ல் தொடங்கும் இளநிலை உதவியாளர் வேலைக்கு பி.இ.-காரரும் அதே வரிசையில்தான் நிற்கிறார். தமிழ்ப் பகுதியில் 40 சதவீதம் எடுக்காவிட்டால் அவருடைய மற்ற விடைகள் எண்ணிக்கைக்கே வராது. வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து ஐந்து வருடம் காத்திருக்கும் பட்டதாரிக்கு அரசு தரும் உதவித்தொகை மாதம் 600. வெறும் பட்டத்தை அரசே எப்படி மதிப்பிடுகிறது என்று இதிலிருந்து பார்த்துக்கொள்ளுங்கள். ஒரகடத்தில் இருந்தபடி ஜூனியர் இன்ஜினியர் தேர்வுக்குப் படிக்க முடியும், ஷிப்ட் வேலையில் சிரமம்தான் என்றாலும்.

இதே அளவை மகளின் நர்சிங்குக்கு வைத்தால் படிப்பு தேறுகிறது, மார்த்தாண்டம் நோட்டீஸ் தேறவில்லை.

நர்சாக வேலை செய்ய மாநில நர்சுகள் கவுன்சிலில் பதிவு எண் வேண்டும். அந்த எண் வர இரண்டு பெரிய பாதைகள்: நான்கு வருட பி.எஸ்சி. நர்சிங், அல்லது மூன்று வருட ஜி.என்.எம். (பொது நர்சிங், தாதியியல்) டிப்ளமோ. இரண்டு வருடத்தில் 80,000-க்குத் தரும் 'நர்சிங் டிப்ளமோ' இந்த இரண்டும் இல்லை. அதைப் படித்தவரை மருத்துவமனை உதவியாளராக எடுத்துக்கொள்ளும், வேலையும் உடனே கிடைக்கலாம், நோட்டீஸில் சொன்னது பொய்யாகவே இருக்காது. ஆனால் அரசு மருத்துவமனைத் தேர்வு, எய்ம்ஸ் தேர்வு, வளைகுடா, இங்கிலாந்து, எந்த வாசலிலும் அந்தத் தாளுக்கு இடமில்லை. பத்து வருட அனுபவம் சேர்ந்தாலும் பதிவு எண் வராது. எந்த நிறுவனமாக இருந்தாலும் மூன்று தாள்களைக் கண்ணால் பாருங்கள்: இந்திய நர்சிங் கவுன்சில் அங்கீகாரம், தமிழ்நாடு நர்சுகள் மற்றும் தாதியர் கவுன்சில் அங்கீகாரம், பி.எஸ்சி. என்றால் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழக இணைப்பு. இந்த வருடத்துக்கு, இத்தனை இடத்துக்கு என்று எழுதியிருக்க வேண்டும். "விண்ணப்பித்திருக்கிறோம், வந்துவிடும்" என்பது அங்கீகாரம் ஆகாது.

பி.எஸ்சி.-யா ஜி.என்.எம்.-மா? மகள் உயிரியல் படித்ததால் இரண்டுக்கும் போகலாம். பி.எஸ்சி.-க்கு இயற்பியல், வேதியியல், உயிரியலில் மொத்தம் 45 சதவீதம் வேண்டும், பட்டியல் வகுப்பினருக்கும் பழங்குடியினருக்கும் 40. எய்ம்ஸ் மருத்துவமனைகளுக்கான நர்சிங் ஆபீசர் தேர்வை பி.எஸ்சி. முடித்துப் பதிவு செய்தவுடன் எழுதலாம். ஜி.என்.எம். முடித்தவர் 50 படுக்கை உள்ள மருத்துவமனையில் இரண்டு வருடம் வேலை செய்த பிறகுதான் எழுத முடியும். அந்த வேலையின் அடிப்படைச் சம்பளம் 44,900. மூன்று வருடமும் அதற்கு மேல் இரண்டு வருடமும் என்றால் ஐந்து ஆகிறது. நான்கு வருட பி.எஸ்சி. இங்கே வேகமான வழி. மதிப்பெண் போதுமானால் மருத்துவக் கல்வித் தேர்வுக் குழு நடத்தும் கலந்தாய்வில் கட்டாயம் விண்ணப்பியுங்கள். இதற்கு நுழைவுத் தேர்வு இல்லை, பிளஸ் டூ மதிப்பெண்தான். அரசுக் கல்லூரி கிடைத்தால் கடன் கேள்வியே சிறுத்துவிடும்.

முதல் சம்பளத்தைப் பற்றிப் பெரிய நம்பிக்கை வைக்காதீர்கள். தனியார் மருத்துவமனையில் புதிதாகச் சேரும் நர்சுக்கு மகனின் ஷோரூம் சம்பளம்தான் இருக்கும், சில இடத்தில் அதுவும் இருக்காது. அந்த இரண்டு வருடமும் அனுபவம் சேர்ப்பதற்கு. அதனால் ஆயிரம் ரூபாய் கூடத் தரும் பதினைந்து படுக்கை மருத்துவமனையைவிட, தீவிர சிகிச்சைப் பிரிவு உள்ள பெரிய மருத்துவமனை நல்லது. வளைகுடாவுக்குப் போகும்போது டேட்டாஃப்ளோ என்று ஒரு சரிபார்ப்பு நடக்கும். கல்லூரி, கவுன்சில், வேலை செய்த மருத்துவமனை என்று எல்லா இடத்துக்கும் அவர்களே எழுதிக் கேட்பார்கள். மருத்துவமனை பதில் போடவில்லை என்றாலோ, "எங்கள் பதிவில் இப்படி ஒருவர் இல்லை" என்று எழுதினாலோ அந்த அனுபவம் அத்தோடு போயிற்று. சம்பளம் ரொக்கமாக இல்லாமல் வங்கி வழியாக வருவது, பி.எஃப். பிடிப்பது, அனுபவச் சான்றில் படுக்கை எண்ணிக்கை, பிரிவு, சேர்ந்த தேதி, விலகிய தேதி எல்லாம் இருப்பது, இவை அன்றைக்குக் கைகொடுக்கும்.

பணம் எங்கிருந்து? முதல் பட்டதாரி சலுகையை எதிர்பார்க்க வேண்டாம், அண்ணன் பட்டதாரி ஆகிவிட்டதால் உங்கள் வீட்டில் அது முடிந்தது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்தவள் என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 வரும். கல்லூரியில் சேர்ந்ததும் அங்குள்ள பொறுப்பாளர் வழியாகப் பதியுங்கள், வங்கிக் கணக்கு அவள் பெயரில் ஆதாரோடு இணைந்திருக்க வேண்டும். வீட்டுக்காரருக்குக் கட்டடத் தொழிலாளர் நல வாரிய அட்டை இருக்கிறதா? இருந்தால் புதுப்பித்திருக்கிறதா என்று பாருங்கள், பிள்ளைகளின் மேல்படிப்புக்கு அதில் உதவித்தொகை உண்டு. அட்டை காலாவதியான பிறகு நினைவு வருகிறவர்கள்தான் அதிகம்.

மீதிக்குக் கடன் வாங்கலாம். ஆனால் 4 லட்சத்துக்குள் நிறுத்துங்கள். அதுவரை சொத்து அடமானமும் கேட்கக்கூடாது, கையிலிருந்து பங்குத் தொகையும் போட வேண்டியதில்லை. விண்ணப்பத்தை கல்விக் கடனுக்கான வித்யாலட்சுமி தளத்தில் போட்டால் எப்போது கொடுத்தீர்கள் என்பதற்குப் பதிவு இருக்கும். வட்டி மானியத்துக்கான வருமானச் சான்றிதழை இ-சேவை மையத்தில் இப்போதே வாங்கி, கடன் விண்ணப்பத்தோடு சேர்த்துக் கொடுத்து, 'மானியத்துக்காகப் பெறப்பட்டது' என்று நகலில் எழுதி வாங்குங்கள். நர்சிங்குக்கு நாக் தரச்சான்று இல்லாவிட்டாலும் நர்சிங் கவுன்சில் அங்கீகாரம் இருந்தால் மானியத்துக்கு ஏற்பார்கள். இடையில் படிப்பை விட்டால் மானியம் போய்விடும்.

மானியம் கிடைக்காமல் போனாலும் ஒரு வழி இருக்கிறது. வருடம் ஒரு லட்சம் வீதம் வாங்கினால் முதல் வருடம் வட்டி மாதம் 875, இரண்டாம் வருடம் 1,750, மூன்றாம் வருடம் 2,625, நான்காம் வருடமும், பிறகு வரும் தவணை விலக்கு வருடமும் 3,500. இந்த ஐந்து வருடமும் இதைக் கட்டிவந்தால் 4 லட்சம் 4 லட்சமாகவே நிற்கும். பல வங்கிகள் வட்டியில் ஒரு சதவீதம் சலுகையும் தருகின்றன, கேட்டால்தான் சொல்வார்கள். முதல் வருட வட்டிக்குப் புதுமைப் பெண் பணமே போதும். அண்ணன் கடனில் சேர்ந்த 1,47,000 இங்கே சேராது.

கலந்தாய்வுக்கு விண்ணப்பிக்கும் முன் இன்னொரு வேலை. மகளின் பத்தாம் வகுப்பு, பிளஸ் டூ மதிப்பெண் பட்டியல், ஆதார், பிறப்புச் சான்றிதழ் நான்கையும் பக்கத்தில் வைத்துப் பெயரின் எழுத்துகளையும் இன்ஷியலையும் பிறந்த தேதியையும் ஒப்பிட்டுப் பாருங்கள். ஒன்றில் அப்பாவின் பெயர் முழுதாக, ஒன்றில் இன்ஷியல் மட்டும், ஒன்றில் ஓர் எழுத்து கூடுதல் என்று இருந்தால் இப்போதே திருத்துங்கள். பள்ளிச் சான்றிதழ் என்றால் தலைமை ஆசிரியர் வழியாக அரசுத் தேர்வுகள் துறைக்கு விண்ணப்பிக்க வேண்டும். நர்சிங் பதிவு எண் அந்தப் பெயரில்தான் வரும், பாஸ்போர்ட்டும் அதே பெயரில் இருக்க வேண்டும். ஆறு வருடம் கழித்து டேட்டாஃப்ளோவில் இரண்டும் பொருந்தாமல் நின்றால், ஒரே நேரத்தில் கல்லூரி, பல்கலைக்கழகம், கவுன்சில், பாஸ்போர்ட் அலுவலகம் நான்கிலும் திருத்த அலைய வேண்டிவரும்.